எழுநூறு கிராம்

பட்டாளத்தில்தான் எடை பார்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தோம். மலேசியா ஏர்லைன்ஸ் 2017-இல், 25 ஆண்டு பறந்த பணிப்பெண் ஒருவரை, 61 கிலோ வரம்புக்கு மேல் 700 கிராம் இருந்தார் என்று நீக்கியது. வழக்குப் போட்டார், 2020-இல் தொழிலியல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. இளைக்க அவகாசம் நிறையக் கொடுத்தார்களாம். பயணி மட்டும் கைப்பையில் 7 கிலோ கொண்டுபோகலாம். (அவர் தொப்பையை யாரும் நிறுப்பதில்லை.)

அந்த விமானங்கள் கிளம்பும் செப்பாங் விமான நிலையத்துக்குப் பக்கத்து வட்டாரம்தான் எங்கள் ஜெஞ்சாரோம். 2018-இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பை டன் டன்னாக இங்கே வந்து குவிந்து, ராத்திரியில் எரிந்து, ஊரையே இரும வைத்தது. அது வந்திறங்கிய கிள்ளான் துறைமுகத்தில் அப்போது தராசு இல்லையோ என்னவோ. செப்பாங்குக்கு இரவல் போயிருக்கும்.