சுவரில் கோடு போட்டவர்

கேள்வி: குழந்தைகளுக்கென்று தனியாகச் சிறுநீரக டாக்டர் எதற்கு? மருந்தைப் பாதியாகக் குறைத்தால் போதாதா?

பதில்: ரிப்போர்ட்டைப் பாதியாக்க முடியாதே! ரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவு 1.0 (மி.கி./டெ.லி.) என்றால் உங்களுக்கும் எனக்கும் ‘நார்மல்’. அதே 1.0, 120 செ.மீ. உயரப் பிள்ளைக்கு வந்தால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லிதான் (பெரியவர் உடம்பளவுக்குச் சரிக்கட்டிய கணக்கு). இருக்க வேண்டியது 90க்கு மேல்.

கேள்வி: அந்த 50ஐ எங்கே பிடித்தீர்கள்?

பதில்: உயரத்தை 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுத்தேன். வழி காட்டியவர் ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ், அமெரிக்கக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர். இந்தக் கணக்கை 1976இல் நியூயார்க்கில் சகாக்களோடு வெளியிட்டார். இல்லாவிட்டால் 24 மணி நேரச் சிறுநீரைச் சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். மூன்று வயதுப் பையனைப் பெற்றவர்களைக் கேளுங்கள், கேனில் விழுந்தது எவ்வளவு, பாயில் விழுந்தது எவ்வளவு என்று.

கேள்வி: உயரத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சா?

பதில்: நடுவில் தசை இருக்கிறது. கிரியேட்டினின் அங்கிருந்துதான் வருகிறது. பிள்ளை வளர வளரத் தசையும் கூடும். தசையை அளப்பது பாடு. சுவரோரம் நிறுத்திக் கோடு போடுவது சுலபம்.

கேள்வி: ஒரு சூத்திரத்தை வைத்தே காலம் தள்ளிவிட்டாரா?

பதில்: 1976இல் உயரத்தைப் பெருக்கும் எண் 0.55. பிறகு கிரியேட்டினினை அளக்கும் முறை மாற, பழைய எண் தாராளமாக மார்க் போடத் தொடங்கியது. நம் பிள்ளைக்கு 66 போட்டிருக்கும்! நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளுக்கு ஐயோஹெக்சால் மருந்தை ஊசியில் ஏற்றி, அது ரத்தத்தை விட்டு வெளியேறும் வேகத்தை அளந்து, 2009இல் 0.413 என்று திருத்தினார்கள். அந்தக் கட்டுரையின் முதல் பெயரும் ஷ்வார்ட்ஸ்தான். தன் பெயரில் ஊரெல்லாம் ஓடும் கணக்கை 33 வருஷம் கழித்துத் தானே அடித்துத் திருத்துவது! என்னைக் கேட்டால் முதல் கட்டுரையைவிட இரண்டாவதுதான் உசத்தி.

கேள்வி: பேரனுக்கு நானே போட்டுப் பார்க்கலாமா?

பதில்: பாருங்கள். விடையை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கைக்குழந்தை என்றால் வேண்டாம். அதன் சிறுநீரகமே இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும்.

கேள்வி: ஆராய்ச்சியில் இறங்கிய டாக்டருக்கு நோயாளி நினைவிருக்குமா?

பதில்: ஷ்வார்ட்ஸ் முயல் சிறுநீரகத்தின் நுண்குழாய் அமிலத்தை எப்படிச் சமாளிக்கிறது என்றும் ஆராய்ந்தவர். முயலுக்கு வைத்தியமா என்று சிரிக்காதீர்கள். ரத்தத்தில் அமிலம் தேங்கினால் பிள்ளை உயரம் ஏறாது. மறுபடி சுவரோரம்தான் வர வேண்டும்.