முன்னால் நிற்கும் பூஜ்ஜியம்: ஓர் ஆய்வு

எண்ணுக்கு இடப்பக்கம் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்பது ஒன்றாம் வகுப்பு டீச்சர் நிறுவிய கோட்பாடு. சி மொழி அதை ஏற்கவில்லை என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், ஒரு மோட்டார் கன்ட்ரோலர் போர்டு. நான்கு கட்டங்கள் ஓட வேண்டிய நொடிகளை ஓர் அட்டவணையாக எழுதியிருந்தது: 100, 050, 025, 010. பத்தி நேராக நிற்கட்டும் என்ற அழகுணர்ச்சியால் வந்த பூஜ்ஜியங்கள். போட்டவர் யார் என்பது இவ்வாய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது. மோட்டாரோ 100, 40, 21, 8 என்று ஓடியது.

முதல் கருதுகோள், போர்டுக்கு நேரம் காட்டும் கிரிஸ்டல் மேல் விழுந்தது. இரண்டு முறை மாற்றியாயிற்று. சால்டரிங் செய்யும் அக்காதான் கேட்டார்: "நூறு மட்டும் கரெக்டா வருதே தம்பி, அப்புறம் கிரிஸ்டல் என்ன பண்ணுச்சு?" முறையான மறுப்புரை என்று இதை ஏற்கிறோம்.

சி மொழியில் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண் ஆக்டல். கணக்கு எட்டெட்டாகத்தான் ஏறும். 050 என்றால் ஐயெட்டு நாற்பது. 025 என்றால் ஈரெட்டு பதினாறும் ஐந்தும், இருபத்தொன்று. 008 என்று எழுதியிருந்தால் கம்பைலர் கத்தியிருக்கும், ஆக்டலில் 8 என்ற இலக்கமே இல்லை. 010ஐ மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய சி மொழி நூலின் முதல் பதிப்பிலோ 08, 09கூடச் செல்லும்! அந்த 8க்கு மதிப்பு எட்டு, 9க்கு ஒன்பது. தாராள மனசு.

இந்தப் பழக்கம் சி-க்கு அதன் தாய்மொழியான 'பி' கொடுத்த சீதனம். 'பி' பிறந்த பிடிபி-7 கணினியின் ஒரு சொல்லுக்கு 18 பிட். மும்மூன்றாகப் பிரித்தால் மிச்சமில்லாமல் ஆறு ஆக்டல் இலக்கம். என் போர்டில் இருப்பது 8 பிட் சிப். மூன்றால் வகுபடவே வகுபடாது. பாட்டி வீட்டு அண்டாவைத் தீப்பெட்டி சைஸ் சமையலறையில் வைத்துக்கொண்டு இடித்துக்கொள்கிறோம்.

வாகன மென்பொருளுக்கென்று எழுந்த மிஸ்ரா விதிகள் ஆக்டலுக்குத் தடை போட்டன, ஆனால் 'பூஜ்ஜியம் நீங்கலாக' என்ற விலக்கோடு. காரணம், சி இலக்கணப்படி வெறும் 0வும் ஆக்டல்தான். நான் எழுதிய ஃபார் லூப்பெல்லாம் இத்தனை வருடம் ஆக்டலில் தொடங்கியிருக்கின்றன.

பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு ஸ்பேஸ் வைத்தேன். மோட்டார் பத்து நொடி ஓடியது. அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கழட்டிப் போட்ட ரெண்டு கிரிஸ்டலும் நல்லாத்தான் இருந்துச்சா?"