தாய்மாமன் சீரும் ஆகாய விமானமும்

தாய்மாமன் என்ற பதவிக்கு நியமன உத்தரவு கிடையாது, ஊதியம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. தங்கைக்குப் பிள்ளை பிறந்த கணத்திலேயே அது தானாக வந்து தோளில் ஏறிக்கொள்கிறது. மொட்டையடித்துக் காது குத்தும்போது குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு அதன் அழுகையையும் ஆசாரியின் அவசரத்தையும் ஒருங்கே சமாளிப்பது முதல், கல்யாணப் பந்தலில் பட்டு வேட்டியையும் மோதிரத்தையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது வரை, அப்பதவிக்குரிய கைங்கரியங்கள் யாவும் எங்கள் தருமபுரிச் சீமையில் தலைமுறைகளாக நிர்ணயிக்கப்பட்டவை. எதற்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அனுபவஸ்தர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஜாபிதாவில் ஆகாய விமானம் என்று ஓர் இனம் உண்டென்பதை எந்தப் பெரியவரும் எனக்குச் சொன்னதில்லை. வேற்றுமை உருபுகளோடு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் தமிழாசிரியனாகிய எனக்கு, அந்த இனத்தைப் புதிதாகச் சேர்த்துத் தந்த கியாதி என் தங்கை மகனையே சாரும்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் தக்காளி. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய், பட்டணத்து வீடுகளில் ரசம் புளியை மட்டுமே நம்பிக் கொதித்துக்கொண்டிருந்த காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலக்கோட்டுக்கு அருகே சொட்டு நீர் போட்டுத் தக்காளி வைத்திருந்த என் தங்கையின் கணவர், அந்த மாதத்தில் செடியில் காய் தங்கியிருந்த அபூர்வமான சிலருள் ஒருவராக இருந்தார். பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாமல் பழத்தைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்த வருஷங்களையே அதிகம் கண்டவராகையால், திடீரென்று வந்த ஐசுவரியத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மண்டியிலிருந்து நோட்டுக் கட்டுகளோடு அவர் வீடு திரும்பிய ஒரு மாலையில், பிளஸ் டூவில் பௌதிகமும் கணிதமும் எடுத்துத் தேறியிருந்த மகன் எதிரே வந்து நின்று, தான் விமானியாக விரும்புவதாக விண்ணப்பித்துக்கொண்டான். வேறெந்த மாதத்தில் கேட்டிருந்தாலும், “முதல்ல போய் மோட்டாரைப் போட்டுட்டு வா” என்ற பதில்தான் கிடைத்திருக்கும். அந்த மாதமாகையால், “ஆகட்டும்டா” என்றார். ஆவணி முடிவதற்குள் தக்காளி விலை இறங்கிவிட்டது. கொடுத்த வாக்கு மட்டும் மேலேயே நின்றது.

எங்கள் மாவட்டத்தில் விமானம் இறங்க இடமில்லை. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையமே எங்களுக்கு அண்மையானது. அதுவும் இரண்டு வருஷத்துக்கு மேல் பயணிகளைக் காணாமல் கிடந்து, 2023 அக்டோபரில்தான் மறுபடி உயிர் பெற்றது. பயிற்சிப் பள்ளி நடத்துவதற்கு விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த ஊர்களுள் அதுவும் ஒன்று என்ற செய்தி என் தங்கையின் காதில் விழுந்தபோது, அவளுக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை. “ஓமலூர்னா தினமும் மத்தியானம் பஸ்ஸில சோறு குடுத்தனுப்பலாமே அண்ணா!” என்றாள். மருமகன் அந்த யோசனையைப் பரிவோடு கேட்டுவிட்டு மறுத்தான். வர்த்தக விமானி உரிமத்துக்கு இருநூறு மணி நேரம் பறந்தாக வேண்டும்; நம் நாட்டில் விமானத்துக்கும் ஆசிரியருக்கும் வானிலைக்கும் முறை போட்டுக் காத்திருந்து அந்த இருநூறு மணியைச் சேர்ப்பதற்குள் இரண்டு வருஷங்கள் கூட ஓடிவிடும்; செலவோ இங்கும் அரைக் கோடியை ஒட்டித்தான். அமெரிக்காவில் அரிசோனா என்ற மாகாணத்தில் மழை என்பதே அபூர்வமாதலால் பெரும்பாலான நாட்களில் பறக்கலாம் என்றான். வானம் பொய்ப்பதுதான் விமானக் கல்விக்கு யோக்கியதை என்றால் தருமபுரிக்கு என்ன குறைச்சல் என்று நான் கேட்டேன். எங்கள் பக்கத்து வறட்சிக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கக்கூடும் என்று என் வாழ்நாளில் தோன்றிய ஒரே சந்தர்ப்பம் அது. அதைக் கேட்பார் யாரும் இல்லை.

பறத்தல் என்ற வித்தைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற சரித்திரத்தை அந்த நாட்களில் நான் சிறிது ஆராய்ந்தேன், ஆறுதல் தேடித்தான். 1910-ஆம் வருஷத்தில் சென்னைப் பல்லாவரத்தில் தம் சொந்த விமானத்தைப் பறக்கவிட்ட டி’ஏஞ்சலிஸ் என்பவர் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் எண் விமானி உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா, அவருடைய தகப்பனார் கட்டணத்துக்காக மண்டியில் காத்து நிற்க நேர்ந்திராது. மறு வருஷம், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கென்று ஆகா கான் அறிவித்திருந்த ஐந்நூறு பவுன் பரிசை, பிற்காலத்தில் விமானப் படைத் தளபதியான ஆஸ்பி எஞ்சினியர் பதினேழாம் வயதில் வென்றார். ஆக, ஹோட்டல் வேண்டும், அல்லது டாட்டாவாகப் பிறக்க வேண்டும், அல்லது ஆகா கான் மனம் வைக்க வேண்டும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தவர்களாக இருந்தாலாவது ஆடி மாதத்தில் ஒரு மொய் விருந்து வைத்து, ஆட்டுக்கறியும் சோறும் போட்டு, இலை எடுப்பதற்குள் இலட்சக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வருகிறவர்கள் விருந்து மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்.

ஆகவே வங்கிக்குப் போனோம். ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு காட்ட வேண்டும் என்பது பொதுவிதி. (இந்த ஏழரையைத் தற்செயலாகத் தேர்ந்தார்களா, சனீஸ்வர பகவானைக் கலந்துகொண்டு தேர்ந்தார்களா என்பது விசாரிக்கத்தக்கது.) தங்கை கணவர் இதற்கெல்லாம் அஞ்சுகிறவர் அல்லர். பட்டா, சிட்டா, அடங்கல் என்று மஞ்சள் பைக்குள் இருந்தவற்றையெல்லாம் எடுத்து மேலாளரின் மேசைமேல் பரப்பி, கிணற்றின் ஆழத்தையும், மா மரங்களின் வயதையும், வருஷத்துக்கு எத்தனை போகம் என்பதையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். மேலாளர் மிகவும் மரியாதையுள்ள இளைஞர். இறுதிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விவசாய நிலத்தை ஈடாக ஏற்பதற்கில்லை என்றார். கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றப் படி ஏறாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடுவதற்கு வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சர்ஃபேசி என்று பெயர். அதன் முப்பத்தோராம் பிரிவு, உழவனுடைய நிலம் பறிபோகலாகாது என்ற காருண்யத்தினால், விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. பறிக்க முடியாத நிலத்தின் மேல் எந்த வங்கி கடன் கொடுக்கும்? உழவனைக் காப்பாற்ற எழுந்த அந்தக் காருண்யம், உழவனுடைய மகன் மேலே எழும்பாதபடியும் சேர்த்தே காப்பாற்றிவிட்டது.

“வீடு, காலி மனை ஏதாவது இருக்கா சார்?” என்று மேலாளர் கேட்டார். தங்கை கணவர் என்னைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தாள். மருமகன், விமானிக்குரிய கூரிய பார்வையை மருத்துவப் பரிசோதனையில் நிரூபித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தவன், அவனும் என்னைப் பார்த்தான்.

நல்லம்பள்ளிக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு மனை உண்டு. சேமநல நிதியில் முன்பணம் எடுத்து வாங்கிப் போட்ட நாள் முதல் அதில் சீமைக் கருவேலமும் ஒரு கரையான் புற்றும் தவிர வேறொன்றும் உற்பத்தியானதில்லை. என் மனைவி அதைக் குறிப்பிட நேரும்போதெல்லாம் “உங்க காடு” என்று ஒரு தினுசான குரலில் சொல்வது வழக்கம். அப்பேர்ப்பட்ட மனைக்கு வந்தது யோகம். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, முள்ளை விலக்கி நின்று, நாற்புறமும் புகைப்படம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, முப்பதடிச் சாலை, தேசிய நெடுஞ்சாலைக்குச் சமீபம் என்று அதன் லட்சணங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகப் போக, பெற்ற பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் புகழ்ந்து பேசக் கேட்கும் தகப்பனைப் போல நான் பூரித்துப்போனேன். வங்கியின் வக்கீல் மூலப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு, சொத்து சேலம் ஜில்லாவில் இருப்பதாக எழுதியிருக்கிறதே என்று புருவத்தை நெரித்தார். அவர் வயதுக்கு அது தெரியாததில் வியப்பில்லை. 1965-ஆம் ஆண்டு வரை நாங்கள் எல்லோருமே சேலம் ஜில்லாவில்தான் இருந்தோம், யாரும் வீடு மாறவில்லை என்று விளக்கினேன். வில்லங்கச் சான்று, சட்டக் கருத்து, அடமானப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் கட்டி முடித்து வெளியே வந்ததும், தங்கை கணவர் வெகுநேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “ஏன் மச்சான், வருஷம் பூரா காய்க்கிற நெலம் செல்லாது, முள்ளு மொளைக்கிற மனை செல்லும்ங்கறாங்க. இத்தனை நாளா நான்தான் வெவசாயத்தைத் தலைகீழா பண்ணிட்டிருந்தேன் போலிருக்கு” என்றார்.

வெளிநாட்டுப் படிப்பானால் செலவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைக் குடும்பமே போட வேண்டும் என்பது அடுத்த விதி. சொந்தப் பணமாக வருஷத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் வெளிநாடு போகுமானால், அதன் மேல் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். கடனாக வாங்கிய பணம் போனால் 2025 ஏப்ரல் முதல் அந்த வரி கிடையாது. கடனாளியிடம் காட்டும் இந்தத் தாட்சண்யத்தைக் கையில் காசுள்ளவனிடம் ஏன் காட்டக் கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. பிடித்த வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றார்கள்; விவசாய வருமானத்துக்கு வரியே இல்லாததால் பிறந்தது முதல் வருமான வரிப் படிவத்தைக் கண்ணால் கண்டிராத தங்கை கணவர், மொத்தத்தையும் பத்து இலட்சத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்திக்கொண்டார். இனி, கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிச்சலுகை தரும் விதி ஒன்றையும் ஆவலோடு படித்துப் பார்த்தேன். தனக்காக, வாழ்க்கைத் துணைக்காக, பிள்ளைகளுக்காக, தான் சட்டப்படி காப்பாளராக இருக்கும் மாணவனுக்காக என்று அது அடுக்கிக்கொண்டு போகிறது. தாய்மாமன் என்றோர் உறவு பூலோகத்தில் உண்டென்பது அதை எழுதிய மகானுபாவர்களுக்குத் தெரியாது. டில்லியில் காது குத்துவார்கள்; யார் மடியில் வைத்துக் குத்துவார்களோ!

அமெரிக்க விசாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னை அண்ணா சாலையில் வரிசையில் நின்றால் நேர்முகம் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலரைச் செலுத்தி, படிப்புக்கும் பிழைப்புக்கும் போதிய திரவியம் இருப்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். 2001 செப்டம்பரில் நடந்த அக்கிரமத்துக்குப் பிறகு, அந்நாட்டில் விமானம் கற்க வரும் அந்நியர்களின் கைரேகையைப் பெற்றுப் பூர்வோத்தரங்களை விசாரிக்கிறார்கள். விசாரிப்பதற்கும் கட்டணம் நாம்தான் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட என் தங்கை ஓரிடத்தில் மட்டும் இடிந்துபோனாள். அமெரிக்கா போன பிள்ளைகள் ஓட்டலில் பாத்திரம் கழுவியாவது கைச்செலவுக்குச் சம்பாதித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் வேதவாக்கு. விமானப் பயிற்சிக்குப் பொதுவாகக் கொடுக்கும் எம்-1 என்ற விசாவிலோ, படிக்கும் காலத்தில் எந்த வேலையும் செய்யக் கூடாது. “இங்க இருந்த வரைக்கும் தின்ன தட்டைக் கூடக் கழுவினதில்லை. அங்க போயாவது கழுவுவான்னு பார்த்தா, அதையும் கவருமெண்டே வேண்டாங்குதா?” என்றாள்.

அவன் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் குடும்பத்தின் சம்பாஷணையே மாறிவிட்டது. பாலக்கோட்டு மண்டியில் விடியற்காலையில் தக்காளி விலை கேட்கும் தங்கை கணவர், கையோடு டாலர் விலையையும் கேட்கத் தொடங்கினார். இவை இரண்டும் ஒன்றையொன்று கண்டால் ஆகாத பங்காளிகள் என்பது அவருடைய முடிபு. தங்கல், சாப்பாடு உட்பட 80,000 டாலர் என்று பள்ளியில் சொன்ன தொகை, அவர் வாக்குக் கொடுத்த மாதத்தில் டாலர் 82 ரூபாயாக இருந்தபோது 65,60,000 ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியபோது அதே தொகை 72 இலட்சத்துக்கு மேல். பையன் ஓர் அங்குலம் அதிகம் பறக்காமலே ஆறரை இலட்சம் பறந்துவிட்டது.

அவன் ஓட்டும் சிறிய செஸ்னா விமானத்தில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. சக்கரம் தரையை விட்டு எழும்பியதா என்பதைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. எஞ்சின் ஓடினால் அது ஓடும். அது ஓடினால் மணிக்கு 200 டாலர். அருகில் அமர்ந்திருக்கும் ஆசிரியருக்குத் தனி. இதை மருமகன் காணொளியில் விளக்கிய அன்றே, தங்கை கணவர் காலண்டரின் பின்புறத்தில் கணக்கிட்டு, நிமிஷத்துக்கு முந்நூறு ரூபாய் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு நாள், ஓடுபாதையில் முன்னே பெரிய விமானங்கள் வரிசையில் நின்றதால் புறப்பட இருபது நிமிஷம் தாமதமாயிற்று என்று அவன் சாதாரணமாகச் சொன்னான்.

“ஆறாயிரம்!” என்றார் தகப்பனார். “டேய், அவங்க போற வரைக்கும் எஞ்சினை ஆப் பண்ணிட்டு நிக்கக் கூடாதா?”

“அப்படியெல்லாம் பண்ண முடியாதுப்பா.”

“தள்ளிக்கிட்டாவது போயிருக்கலாமே!”

சென்ற வாரம் இருநூறு மணியும் நிறைவேறியதாகச் செய்தி வந்தது. தங்கை கற்பூரம் ஏற்றினாள். மருமகன் மேலே நடக்க வேண்டியவற்றை நிதானமாக வரிசைப்படுத்தினான்: அமெரிக்க உரிமம் இந்தியாவில் அப்படியே செல்லாது, ஊருக்கு வந்து சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் பரீட்சைகளில் நூற்றுக்கு எழுபது வாங்க வேண்டும், வானொலிப் பரீட்சை தனி, இங்குள்ள விமானத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், அதன் பிறகு ஏர்பஸ்ஸோ போயிங்கோ, கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய விமானத்துக்கென்று தனிப் பயிற்சி, அதற்கு மறுபடி இலட்சங்கள், அதற்கும் பிறகுதான் உத்தியோகத்துக்கு மனுப் போடுவது. அவன் சொல்லி முடிக்கும்வரை தங்கை கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, என் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏன் மச்சான், உங்க மனைக்குப் பக்கத்து மனை, அது யாரோடது?”