எல்லாம் வெளிப்படை

எங்கள் அறக்கட்டளையில் இப்போது நேர்மை பொங்கி வழிகிறது. ஊழியர்கள் எல்லோருக்கும் 'நலன் முரண் உறுதிமொழி' என்று ஒரு படிவம். எட்டுப் பக்கம், மூன்று நகல். அறக்கட்டளைப் பணத்தின் பலன் அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ போனால் வரிவிலக்கு பறிபோகும் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொன்னது. சட்டம் அத்தோடு நின்றுவிட்டது. நாங்கள் நிற்பதாக இல்லை.

டீக்கடைக்காரர் தன் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். அன்றே டீ நின்றது. மூன்று கொட்டேஷன் வந்தபிறகுதான் இனி அடுப்பு எரியும். துடைப்பம் விற்பவர் தன் ஊர்க்காரர் என்றார் கூட்டிப் பெருக்கும் அக்கா. விசாரிக்கத் துணைக்குழு அமைத்தாயிற்று. அறிக்கை வரும்வரை குப்பை அப்படியே இருக்கும், சாட்சியமாக. கணக்கர் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். வரப்போகும் மாமனாரின் தொழில் தெரியாததால் 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதிவிட்டு, நிச்சயதார்த்தத்துக்குத் தடையில்லாச் சான்று கேட்டு நிற்கிறார்.

செயலாளரின் படிவம்தான் எங்களுக்கெல்லாம் முன்மாதிரி. எல்லாக் கட்டத்திலும் முத்து முத்தாக 'இல்லை'. ஒளிவுமறைவே அறியாத மனிதர். எட்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோல, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. அவருடைய மாமியார் பெயரும் அதுதான்.

படிவம் போதவில்லையாம். இன்னும் ஐந்நூறு அடிக்கச் சொல்லியிருக்கிறார்.