தண்ணி மணி

மும்பையின் சீத்தா கேம்பில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். ரிப்பேர் கடைக்காரர் என்று நினைத்து மிக்ஸியை நீட்டிவிடாதீர்கள். "கடை முக்குல இருக்கு. இது என் சொந்த வேலை" என்பார், முறைப்பாக.

சொந்த வேலை என்பது இப்போதைக்குத் தண்ணி மணி. குழாய்க்கடியில் ஒரு பால் பவுடர் டப்பா, ஸ்பிரிங்கில் தொங்குகிறது. தண்ணீர் விழுந்து கனம் ஏறினால் டப்பா இறங்கும். இறங்கினால் இரண்டு தகடுகள் ஒட்டும். ஒட்டினால், பங்கார் என்கிற பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய காலிங் பெல் அலறும். என்ன, விடியற்காலைக் குழாய் முதலில் வெறும் காற்றைச் சீறும், பிறகு நூலாக ஒழுகும். டப்பாவுக்குக் கனம் ஏறுவதற்குள் சந்து முழுக்கக் குடம் உருண்டு, அண்ணாச்சியும் எழுந்து டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். ஆனாலும் மணி அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அந்தக் காசுக்குப் புது பெல்லே வாங்கியிருக்கலாம்" என்பார் மதினி. ஏணிக்கடி முழுக்க அண்ணாச்சியின் சாமான், அரிசி டின் வைக்க இடமில்லாத வயிற்றெரிச்சல் அவருக்கு.

"வாங்கலாம். வாங்கினா அது அடிக்கும், அவ்வளவுதான்."

பக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம். ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956-லேயே அங்கே இயங்கத் தொடங்கிவிட்டது. அந்த மையத்துக்கு இடம் வேண்டுமென்றுதான் 1976-இல், அவசரநிலைக் காலத்தில், ஜனதா காலனியை இடித்துச் சனத்தை இந்தச் சதுப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணாச்சிக்கு விஞ்ஞானிகள் மேல் வருத்தமில்லை, பரிதாபம்தான். "பாவம், அவங்க நாட்டுக்காகச் செய்யுறாங்க. பட்ஜெட், கமிட்டி, ரிப்போர்ட்டு… நமக்கு அந்தத் தலைவலி கிடையாது பாருங்க."

எதிர்வீட்டுக்காரர் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வந்தார், தனக்கும் ஒன்று செய்து தரச்சொல்லி.

"வேண்டாம் தம்பி. உங்க வீட்டுல மணி அடிக்கலைன்னா நீங்க வந்து என் கதவைத் தட்டுவீங்க. என் வீட்டுல அடிக்கலைன்னா எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கும்."

இந்த வாரம் மணி ஒரு நாள்கூடத் தப்பாமல் அடித்துவிட்டது. ஆள் கொஞ்சம் வாட்டமாகத்தான் இருக்கிறார். நேற்று சாயங்காலம் டப்பாவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.