வினாக்குறி விழுங்கும் மாமா

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மாலை வேளையில், "நாளைக்கு ஸ்கூல் லீவாம்!" என்று வாசலில் நின்றபடியே குரல் கொடுத்துவிட்டு, உள்ளே குழந்தைகள் வீட்டுப்பாட நோட்டை மூடியெறியும் ஓசையைப் பரமானந்தத்தோடு கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்துவிடும் மாமா தங்கள் தெருவில் இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் பாக்கியசாலிகள். அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தால், "நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?" என்றுதான் இருக்கும். திறந்து படித்தாலோ, மாவட்ட ஆட்சியர் இன்னும் எதையும் அறிவிக்கவில்லை என்ற விஷயம் கடைசிப் பத்தியில், இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே, வெகு அடக்கமாக வீற்றிருக்கும். மாமா திறப்பதில்லை. தலைப்பைப் படிப்பார், அதன் கோடியில் நிற்கும் வினாக்குறியை விழுங்குவார், மிச்சத்தை ஊருக்குப் பரிமாறுவார்.

"தங்கம் விலை சரியப்போகிறதா?" என்பது அவர் நாவில் "தங்கம் சரியப்போகிறது" என்று ரூபாந்தரம் பெற்றதன் பலனாக, மாமிக்கு வளையல் வாங்கும் வைபவம் தீபாவளிக்குத் தீபாவளி ஒத்திப்போடப்பட்டு வருகிறது. 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு வெளிவந்தபோது, "நோட்டுக்குள் சிப்பா?" என்றவர்களின் ஐயத்தை நீக்கித் தீர்ப்பு வழங்கியவரும் அவரே, 2023இல் அந்த நோட்டு புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்ட பின்னரும், சிப்பின்மேல் அவர் வைத்த விசுவாசம் மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. வினாக்குறியோடு முடியும் எந்தத் தலைப்புக்கும் "இல்லை" என்றே விடை சொல்லிவிடலாம் என்று இயன் பெட்டெரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 2009இல் எழுதியதை எடுத்துச் சொன்னேன். "வெள்ளைக்காரனே சொல்லிட்டானா?" என்று வியந்து, அதையும் உடனே வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவைத்தார்.

மனிதரிடம் துளி வஞ்சகம் கிடையாது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் 2020இல் கட்டுப்பாடு விதித்தபோது, சகஸ்ரநாம அர்ச்சனை செய்பவரைப்போல் ஒவ்வொரு குழுவாக, அலுப்பின்றி அனுப்பித் தம் கடமையை நிறைவேற்றினார். நாம் அறியாமையில் மூழ்கிப் போய்விடக் கூடாதே என்ற கவலை ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

ஆயினும், "சர்க்கரை நோய்க்கு இனி மாத்திரையே வேண்டாமா?" என்ற தலைப்பை அவர் வழக்கம்போல் வினாக்குறி நீக்கி என் பெரியம்மாவிடம் ஓத, அந்த அம்மாள் மாத்திரையை நிறுத்தி, சர்க்கரை ஏறி, ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பிட்டவனைப் பிடித்துக் கேட்டால், "நாங்கள் கேட்கத்தானே செய்தோம், சொல்லவில்லையே" என்று நழுவிவிடுவான். அந்த வினாக்குறி அவன் தனக்காக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்ட ஜாமீன். நிச்சயமாகத் தெரிந்தவன் நம்மை எதற்காகக் கேட்கிறான் என்று ஒரு க்ஷணம் யோசித்தால் போதும், சூது விளங்கிவிடும். அந்த ஒரு க்ஷணத்தைத்தான் மாமா எவருக்கும் தருவதில்லை. லீவு, தங்கம், சிப் எதையாவது சொல்லிக்கொள்ளட்டும். மருந்து விஷயத்தில் மட்டுமாவது அவர் செய்தியைத் திறக்க வேண்டும், இல்லையேல் வாயை மூட வேண்டும்.