செங்கம் சாலை, அன்றும் இன்றும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்து வாசலில் செங்கம் சாலையைக் கடக்க இப்போது ஆட்டோக்களுக்கு நடுவே காத்து நிற்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் அரசு கலைக் கல்லூரியில் படித்தபோது, அந்த ரோட்டில் ஒரு கார் போனாலே திரும்பிப் பார்ப்போம். இன்று யோகா வகுப்பு, தியான வகுப்பு, மன அமைதிக்கான முகாம் என்று சாலை நெடுகப் பலகைகள். எங்கெங்கோ மனம் களைத்தவர்கள் கடல் கடந்து வந்து இங்கே இளைப்பாறுகிறார்கள். ஊருக்கு அது பெருமைதான். என் கவலையெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி.

என் வகுப்பில் தண்டராம்பட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து படித்தவன் ஒருவன். அவன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் அவன்தான். இரண்டாம் ஆண்டில் பேச்சு குறைந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனான். பிறகு வகுப்புக்கு வருவதை விட்டு, ஆசிரமத்தின் பழைய ஹாலில் போய் உட்கார ஆரம்பித்தான். வேறு ஊராக இருந்தால் யாராவது தோளைத் தொட்டு “என்னடா ஆச்சு?” என்று கேட்டிருப்பார்கள். இங்கே கண்ணை மூடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவனை யாரும் எழுப்புவதில்லை. பையனுக்கு ஞானம் வந்துவிட்டது என்றார்கள் விடுதிப் பையன்கள். அவன் சித்தப்பா திமிர் என்றார். காத்து கருப்பு அடிச்சிருக்கு என்றார் ஆயா. அவன் ராத்திரி தூங்குகிறானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

டாக்டரிடம் காட்டலாம் என்று ஒருவர் சொன்னதற்கு அவன் அம்மா அழுதே விட்டார். “எம்புள்ள என்ன பைத்தியமா, கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப?” 1794 முதல் நோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருந்தோம். அந்தப் பயத்தில் எத்தனை வீடுகள் மருத்துவத்தைத் தள்ளிப்போட்டிருக்கும்!

அவனைச் சோளிங்கர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். தக்கான் குளத்தில் முழுக்கு, தினமும் மலையேற்றம், ஒரு மண்டலம். அந்த நம்பிக்கையை நான் இழிவாகப் பேசமாட்டேன். அங்கே அவனோடு குடும்பம் இருந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. நோய் மட்டும் போகவில்லை. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் வேலூர் பாகாயத்துக்கு வழி சொன்னார். சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் அங்கே 1957 முதல் நடக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உடன் தங்குவது அந்த இடத்தின் வழக்கம். அம்மா தங்கினார். இது மனச்சோர்வு என்கிற நோய், மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் தேறிவிடலாம் என்று அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்கள். அவன் தேறினான். இன்று உரக்கடை வைத்திருக்கிறான். அன்று விட்ட படிப்பு விட்டதுதான்.

யோசித்தால், இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த ரமணரே ஒரு மாணவராகத்தான் இங்கே வந்து சேர்ந்தார். 1896 ஜூலையில், மதுரையில், அப்போது வேங்கடராமனாக இருந்த 16 வயது ரமணரை ஒரு நாள் திடீரென்று மரண பயம் கவ்வியது. அதில் அவர் கண்டடைந்ததை நோய் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் பார்ப்பது சுற்றியிருந்தவர்களை. அவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் பையன் படிக்கவில்லை என்பதுதான். அண்ணன் கடிந்துகொண்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுத் தம்பி கிளம்பிவிட்டார். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலில் நின்றார். பாதாள லிங்கத்தருகே அசையாமல் இருந்த அவர்மேல் இவ்வூர்ச் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். துறவி சேஷாத்ரி சுவாமிகள்தான் தடுக்கப் பார்த்தார். மகான் என்று கொண்டாடுவதற்கு முன்னால் ஊர் செய்தது அது.

அதே கோயிலில் கோபுரத்திளையனார் சன்னதி இருக்கிறது. வாழ்வு வெறுத்து உயிரை விடத் துணிந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது நாம் சிறு வயதிலிருந்து கேட்டுவரும் கதை. அவனைக் கும்பிட்டுக்கொண்டே, அப்படித் துணிந்து பிழைத்தவர்கள்மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் வழக்குப் போட்டோம். ஓராண்டு வரை சிறை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகுதான், அப்படித் துணிந்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் ஆதரவும் தர வேண்டியது அரசின் கடமை என்று ஆனது.

இன்றைய மாணவர்களுக்குச் சொல் பஞ்சம் இல்லை. டிப்ரஷன், ஆங்ஸைட்டி என்று டீக்கடையிலேயே வெளிப்படையாகப் பேசுகிறார்கள். எங்கள் காலத்து வெட்கம் போனதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அரியர் விழுந்த வருத்தத்துக்கும் அதே சொல், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போனதற்கும் அதே சொல். பெரும்பாலான நேரம் மனம் இருண்டு, பிடித்ததில்கூடப் பிடிப்பற்று, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பது? ஆஸ்திரேலிய ஆய்வாளர் அந்தோணி ஜோர்ம் 1997இல் மனநல அறிவு என்று வகுத்தது இதைத்தான்: நோயை அடையாளம் காண்பது, உதவி எங்கே என்று அறிவது. பக்கத்தில் இருப்பவனைத் தாங்கத் தெரிவதும் அதோடு சேரும். செங்கம் சாலைப் பலகைகளில் எதுவும் இதைச் சொல்லித்தருவதில்லை.

எங்களிடம் இருந்து இவர்களிடம் குறைந்துபோனதும் ஒன்று உண்டு. பௌர்ணமிக்கு நாங்கள் கூட்டமாகக் கிரிவலம் போவோம். 14 கிலோமீட்டரும் பேச்சுத்தான். அப்பாவின் கடன், ஆங்கிலத் தாள் பயம், சொல்லாத காதல், எல்லாம் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் வெளியே வந்துவிடும். இப்போது பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் பிள்ளைகளின் காதில் ஆளுக்கொரு இயர்போன். நோயில்லாமல் இருப்பது மட்டும் மனநலம் ஆகாது. மனம்விட்டுப் பேச நாலு பேர் வேண்டும், நாளை என்று ஒன்றை நம்ப வேண்டும். கிரிவலப் பாதை அதைத் தரும். நோய் வந்தபின் அதுவே மருந்து என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தியானத்தில் உட்கார வைப்பதும் அப்படியே. முதலில் மருத்துவர்.

14416 என்ற மனநல உதவி எண், டெலி மானஸ், 2022 அக்டோபர் முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றோர்களே, அடுத்த முறை கட்டணம் கட்டப் போகும்போது, அந்த ஆலோசகர் யார், எந்த அறையில் உட்காருகிறார் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள்.